கோணல் எங்கே: துப்பாக்கியிலா, தோளிலா?

பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலைச் சுற்றிக் கடை விரிக்கிறவர்களில் பலூன் சுடும் கடைக்காரரும் ஒருவர். நெய்வேலி டவுன்ஷிப்பின் எல்லா வட்டங்களிலிருந்தும் வந்து குவியும் கூட்டத்தில், அந்தக் கடைமுன் நின்று ஐந்து தடவை சுட்டு நாலைத் தவறவிட்டுவிட்டு, "குழலை வேணும்னே வளைச்சு வச்சிருக்கான்யா" என்று முணுமுணுக்காதவர் குறைவு. கடைக்காரர் பதில் பேச மாட்டார். துப்பாக்கியை வாங்குவார், குழலை மடக்குவார், பெல்லட்டைச் சொருகுவார், வரிசையாக மூன்று பலூனை உடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இருவருமே சரி. குழல் மடக்கிக் காற்றடைக்கும் அந்த ஏர்கன் எத்தனையோ கைகளில் அடிபட்டது. முன்குறி தளர்ந்திருக்கும், குழல் கொஞ்சம் கோணியிருக்கும். ஆனால் அந்தக் கோணலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நாலு விரற்கடை இடப்பக்கம் அடிக்கிற துப்பாக்கி நாள் முழுக்க நாலு விரற்கடை இடப்பக்கமே அடிக்கும். கடைக்காரருக்கு அந்த நாலு விரற்கடை மனப்பாடம், அந்த அளவு தள்ளிக் குறி வைக்கிறார். வாடிக்கையாளருக்கு அது தெரியாது என்பது ஒரு பக்கம். அவருடைய கையும் ஆடுகிறது, அந்த ஆட்டத்துக்கு எந்த ஒழுங்கும் கிடையாது என்பது இன்னொரு பக்கம்.

சுடுதளத்தில் தவறு நடந்தால் பயிற்சியாளர்கள் கையில் ஆயத்தமாக ஒரு பழமொழி இருக்கும்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரும்பாலான நேரங்களில் அது பொருந்தும். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும் நாளும் உண்டு, அன்றைக்குப் பழமொழியைச் சொல்லி மாணவனை உட்கார வைத்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. நெய்வேலியில் இது வெறும் திருவிழாப் பேச்சு அல்ல. பள்ளிகளில் என்.சி.சி. கேடட்டுகள் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை முதன்முதலாகத் தோளில் வைக்கிறார்கள். சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் காக்கிற சி.ஐ.எஸ்.எஃப். வீரர்களுக்குச் சுடும் தேர்ச்சி வேலையின் ஒரு பகுதி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் பிடித்தவர். இந்த மூன்று இடங்களிலும் ‘ரைஃபிளா, ஆளா?’ என்ற கேள்வி எழுகிறது, மூன்று இடங்களிலும் விடை வேறு வேறு. எந்தத் தவறு எவ்வளவு பெரிது என்று அளக்காமல் யாருடைய தவறு என்று விசாரிப்பதில் பயனில்லை என்பதே என் கட்சி.

வளைந்த குழலை வைத்து முறையாகச் சோதனை செய்த ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தில்தான் உயிர்விட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர். 1742-இல் பீரங்கி, துப்பாக்கிகளின் இயக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை, ஆய்லர் போன்ற மாமேதை ஜெர்மனில் மொழிபெயர்த்து உரையும் எழுதினார். ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே குறி, ஆனாலும் குண்டு ஒரு தடவை இடப்பக்கமும் மறுதடவை வலப்பக்கமும் போவது ஏன் என்பதே ராபின்ஸைக் குடைந்த கேள்வி. மரை இல்லாத வழுவழுப்பான குழலில் உருண்டைக் குண்டு ஏதோ ஒரு பக்கச் சுவரில் உரசிக்கொண்டு வெளியேறுகிறது. அந்த உரசல் அதைச் சுழற்றிவிடுகிறது, சுழலும் உருண்டை காற்றில் வளைகிறது. எந்தப் பக்கம் உரசும் என்று யாரும் சொல்ல முடியாது. இதை நிரூபிக்க அவர் ஒரு துப்பாக்கியின் குழல் முனையை இடப்பக்கமாக வளைத்து, முன்னால் அடுத்தடுத்துக் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு வளைவுக்கேற்ப முதலில் இடப்பக்கம் போய், பிறகு தூரம் கூடக் கூட வலப்பக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலச்சுவரில் உரசிய குண்டு அந்தப் பக்கமாகத்தான் வளையும் என்ற அவருடைய கணக்கு சரியாக இருந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீர்செய்ய அனுப்பியது. கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1750-இல் வந்து சேர்ந்தவர், மறு ஆண்டு ஜூலையில் அங்கேயே காய்ச்சலில் இறந்தார்.

ராபின்ஸ் சொன்ன மருந்து, குழலுக்குள் மரை. திருகு வரிகள் குண்டை ஒவ்வொரு தடவையும் ஒரே அச்சில், ஒரே திசையில் சுழற்றுகின்றன. கணிக்க முடியாத தவறைக் கணிக்கக்கூடிய தவறாக மாற்றியதே ரைஃபிள் என்ற கருவியின் சாதனை என்று சுருக்கமாகச் சொல்லலாம். கணிக்கக்கூடியதைத் திருகாணியால் சரிசெய்துவிட முடியும்.

அது எவ்வளவு சுளுவு என்பதற்கு 2008 ஆகஸ்ட் 11 சாட்சி. பெய்ஜிங்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 596 எடுத்து நாலாவதாக நின்றார் அபினவ் பிந்த்ரா. இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுட்டபோது குண்டு மையத்தை விட்டு எங்கோ போய் விழுந்தது. யாரோ ரைஃபிளில் கை வைத்திருக்க வேண்டும் என்ற சந்தேகத்தைப் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். இருந்த சில நிமிடங்களில் குறிக்கருவியின் குமிழ்களைத் திருகினார், மறுபடி சுட்டுப் பார்த்தார். போட்டியின் முதல் குண்டு 10.7. பத்தாவது குண்டு 10.8. பத்துக் குண்டுக்கு 104.5, மொத்தம் 700.5. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம், கோணல் கண்ட ரைஃபிளிலிருந்து வந்தது. குறி நகர்ந்திருந்ததே தவிர, குழல் குண்டுகளைச் சிதறவிடவில்லை. சிதறியிருந்தால் எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை.

ஆகவே ஒரு டார்கெட் காகிதத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘மையத்தில் பட்டதா?’ என்பதல்ல. ஐந்து துளைகளும் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பது. என்.சி.சி.யில் முதலில் ‘குரூப்பிங்’ சுட வைப்பதும் இதற்காகத்தான். மதிப்பெண் அப்போது கணக்கில்லை, துளைகளின் நெருக்கம் மட்டுமே கணக்கு. குரூப் சின்னதாக, ஆனால் மையத்தை விட்டு விலகி இருந்தால் ஜீரோ பார்க்க, அதாவது குறிக்கருவியைத் திருகிக் குரூப்பை மையத்துக்குக் கொண்டுவர, வேண்டியது பாக்கி, அவ்வளவுதான். குரூப்பே பரந்து கிடந்தால்தான் வழக்கு தொடங்குகிறது: சிதறவிட்டது ரைஃபிளா, தோட்டாவா, ஆளா?

ஆளை விலக்கிவிட்டுப் பார்ப்பதே நேர்வழி. அமெரிக்க மருத்துவர் எஃப். டபிள்யூ. மான், தொழிலை விட இந்தக் கேள்வியில்தான் வாழ்நாளைச் செலவழித்தார். தரையில் புதைத்த கான்கிரீட் பீடம் ஒன்றைக் கட்டி, அதற்கு ஜிப்ரால்டர் என்று பெயரும் வைத்து, அதில் குழலை மட்டும் பொருத்திச் சுட்டார். தோள் இல்லை, மூச்சு இல்லை, நாடித்துடிப்பு இல்லை. அப்படியும் குண்டுகள் ஒரே துளையில் போகவில்லை. வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்ததில், நுனி கெட்ட குண்டு அவ்வளவாக வழி தவறவில்லை, அடிப்பக்கம் கெட்ட குண்டுதான் தறிகெட்டுப் போனது. 1909-இல் நூலாக வந்த அவருடைய முடிவுகள் இன்றும் பயன்படுகின்றன. பிரிட்டனின் ஈலி, பின்லாந்தின் லாப்புவா போன்ற பாயிண்ட் டூ டூ தோட்டாக் கம்பெனிகளுக்கு வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். அங்கே ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கி, வெவ்வேறு தொகுதித் தோட்டாக்களைச் சுட்டு, தன் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியைத் தேர்ந்து மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம், ஆனால் தொகுதி மாறினால் குரூப் மாறும். ரைஃபிளைப் பழிக்கும் முன் தோட்டாவை விசாரிக்க வேண்டும் என்பது நம் ஊரில் அதிகம் பேசப்படாத விஷயம்.

இனிக் கணக்கு. இதைத் தாண்டினால் மற்றதெல்லாம் எளிது. ரைஃபிளின் சிதறலும் ஆளின் சிதறலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. அதனால் அவை நேராகக் கூடுவதில்லை. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 25 கஜத்தில் ஒரு பழைய ரைஃபிள் தன் பங்குக்கு 2 செ.மீ. சிதறவிடுகிறது, புதிதாகச் சேர்ந்த கேடட் தன் பங்குக்கு 8 செ.மீ. சிதறவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் தெரிவது 10 செ.மீ. அல்ல, 8.25 செ.மீ. இப்போது பழைய ரைஃபிளை வீசிவிட்டு இரண்டு மடங்கு நல்ல ரைஃபிளை, அதாவது 1 செ.மீ. மட்டுமே சிதறவிடுவதைக் கொடுங்கள். காகிதத்தில் 8.06. செலவழித்த பணமெல்லாம் வாங்கித் தந்தது 2 மில்லிமீட்டர். அதே பழைய ரைஃபிளை வைத்துக்கொண்டு, கேடட் தன் 8-ஐ 4 ஆக்கிக்கொண்டால் காகிதத்தில் 4.5-க்கும் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் லேத் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: புதுக்கைக்குப் புது மெஷின் கொடுத்தாலும் ஜாப் தேறாது, தேர்ந்த டர்னருக்குப் பேரிங்கில் நூலளவு ப்ளே இருந்தாலும் உறுத்தும்.

பெரிய தவறு சின்னத் தவறை விழுங்கிவிடும். ஆள் 1, ரைஃபிள் 1 என்று சமமாக வந்துவிட்டால் கதை தலைகீழ்: மொத்தம் 1.41, ரைஃபிளைப் பாதியாக்கினால் 1.12. ஐந்தில் ஒரு பங்கு லாபம். எந்த இடத்தில் பணம் கரைகிறது, எந்த இடத்தில் பலன் தருகிறது என்பதை இந்தச் சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறது. ஆனால் ரைஃபிள் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் அல்ல.

அமெரிக்க ராணுவம் இதே கணக்கை 1952-இல் போட்டுப் பார்த்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ஆய்வு அலுவலகத்தில் நார்மன் ஹிட்ச்மன் தயாரித்த அறிக்கை, போர்க்களத்தில் சாதாரணச் சிப்பாயின் குறித்தவறு ரைஃபிளின் சிதறலைவிடப் பல மடங்கு பெரியது என்றது. ரைஃபிள் சண்டையின் பெரும்பகுதி 300 கஜத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றும், துப்பாக்கியை இன்னும் கூர்மையாக்கினால் அடி விழும் எண்ணிக்கை ஏறாது என்றும் சொன்னது. சிப்பாயின் தவறைச் சமாளிக்க, கட்டுக்குள் அடங்கிய சிதறலோடு ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளை ஒரே இழுப்பில் அனுப்பலாம் என்பது அதன் யோசனை. அதையொட்டிய ஆராய்ச்சிகளின் வழியில்தான் உலகம் சின்னக் குண்டுக்கு, 5.56 மி.மீ. அளவுக்கு, வந்து சேர்ந்தது. திருச்சியில் 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இன்சாஸ் ரைஃபிளைத் தயாரித்தபோது அதிலும் ஒரே அழுத்தில் மூன்று தோட்டா பாயும் அமைப்பு இருந்தது. சுடுபவன் தவறுவான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு வடிவமைத்த கருவி அது. 1999 கார்கில் குளிரில் இன்சாஸ் மீது எழுந்த புகார்கள் வேறு வகையைச் சேர்ந்தவை: மேகசீன் விரிசல், சிக்கிக்கொள்ளுதல். அது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி, துல்லியத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நம் ஊடகங்களில் ஏராளம்.

சிதறல் என்பது கோணத்தில் பிறப்பது. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான ஒரு ‘மினிட்’ தவறினால் 100 மீட்டரில் 2.9 செ.மீ. தள்ளிப் போகும், 25 கஜத்தில் 7 மி.மீ.கூட ஆகாது. தூரத்தைப் பாதியாக்கினால் தவறும் பாதி. மரையில்லாத நாட்டுத் துப்பாக்கியில் குழல்வாய் வழியே மருந்தைக் கொட்டிக் கெட்டித்து, ரவை போட்டு வேட்டையாடிய நரிக்குறவர்களின் திறமை எதில் இருந்தது என்று யோசித்தால், ஓசைப்படாமல் இரையை நெருங்குவதில். கருவியின் குறையைக் காலால் ஈடுகட்டினார்கள். சுடும் திறமை என்று நாம் சொல்வதில் இதுவும் சேரும், மதிப்பெண் அட்டையில் அது வராது.

‘என் ரைஃபிள் மூணு தோட்டாவையும் ஒரே காசுக்குள்ளே போடும்’ என்று சொல்பவர்களை எந்தச் சுடுதளத்திலும் பார்க்கலாம். பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று தோட்டா ஆதாரம் ஆகாது. குரூப்பை அளக்க நாம் பிடிப்பது மிகத் தள்ளி நிற்கும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரத்தை. தோட்டா கூடக் கூட, எங்கோ தள்ளிப் போகும் ஒன்று வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரே ரைஃபிள், ஒரே ஆள், மூன்று தோட்டாவுக்குச் சராசரியாக 3 செ.மீ. என்றால், ஐந்துக்கு 3.8, பத்துக்கு 4.7 என்று புள்ளியியல் சொல்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. இதில் இன்னொரு தில்லுமுல்லு: பல குரூப் சுட்டு, ஆகச் சிறந்த ஒன்றை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்வது. மூன்றாவது, தள்ளிப் போன ஐந்தாவது துளையை ‘அது கை நழுவினது’ என்று கழித்துவிடுவது. நழுவியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காகிதத்தைப் பார்த்த பிறகு சொன்னால் அது சாட்சியம் ஆகாது.

பார்ப்பதற்கு முன் சொன்னால் ஆகும். தேர்ந்தவர்கள் விசை விழுந்த நொடியில் முன்குறி எங்கே நின்றது என்று பார்த்து, ‘இரண்டு மணிப் பக்கம், ஒன்பது’ என்று துளையைப் பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். சொன்ன இடத்தில் துளை இருந்தால் ரைஃபிள் சரி, தவறு ஆளுடையது, ஆளுக்கும் அது தெரியும். ‘நடுவில்’ என்று சொன்னது நடுவில் இல்லை, பல தடவை அப்படியே நடக்கிறது என்றால் ரைஃபிளை, தோட்டாவை, ஜீரோவைச் சந்தேகிக்கலாம். இதையே இயந்திரத்தால் செய்யும் ஸ்காட் போன்ற கருவிகள் வந்துவிட்டன. குழலில் பொருத்திய உணரி, விசை விழுவதற்கு முன் குறி எப்படி அலைந்தது, விழுந்த கணத்தில் எங்கே நின்றது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டின் முனைக்கும் துளைக்கும் உள்ள வித்தியாசம் ரைஃபிளின் கணக்கு, கோட்டின் முனைக்கும் மையத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆளின் கணக்கு.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இளவேனிலின் எண்களைப் பார்க்கலாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பெல்லட்டின் குறுக்களவு 4.5 மி.மீ., பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மி.மீ. பெல்லட்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0. அங்கிருந்து ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் ஒரு தசமம் ஏறி, 10.9-இல் முடியும். டோக்கியோவில் அவர் 60 குண்டுக்கு எடுத்தது 626.5, பாரிஸில் 630.7. பாரிஸ் கணக்கில் சராசரி 10.5-க்குச் சற்று மேல். அறுபது தடவை சுட்டும் மையத்திலிருந்து சராசரி விலகல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் இடையில் அவர் முன்னேறியது குண்டுக்கு 0.07 புள்ளி, அளவில் கால் மி.மீ.கூட இல்லை. அதே பாரிஸ் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிக்குப் போனார், இளவேனில் பத்தாவதாக நின்றுவிட்டார். இருவருக்கும் இடைவெளி 0.8. அதை அறுபதால் வகுத்தால், குண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் முப்பதில் ஒரு பங்கு.

இந்த உயரத்தில் பழமொழி வேலை செய்வதில்லை. ஆளின் தவறு அவ்வளவு சுருங்கிவிட்ட பிறகு, இதுவரை விழுங்கப்பட்டுக் கிடந்த சின்னத் தவறுகளெல்லாம் தலைதூக்குகின்றன. பெல்லட் தலையின் அளவு 4.49-ஆ 4.50-ஆ, எந்தத் தொகுதி, சிலிண்டரிலிருந்து வரும் காற்றழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே சீராக இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே நியாயமான கவலைகள். புதுக் கேடட் ஒருவன் இதே கவலைகளைப் பட்டால் அது சாக்கு. ஒரே பேச்சு ஓரிடத்தில் சாக்காகவும் இன்னோரிடத்தில் அறிவாகவும் இருப்பதற்குக் காரணம் அந்த வர்க்கமூலம்தான்.

ரைஃபிளை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு விளையாட்டு உலகம் தற்செயலாக ஒரு சோதனையை நடத்திக் காட்டியது. 2004-இல் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸின் ரைஃபிளை, ஏதென்ஸ் போவதற்குச் சில மாதங்கள் முன்பு பயிற்சி மையத்தில் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். கல்லூரித் தோழி ஆம்பர் டார்லண்டின் ரைஃபிளை இரவல் வாங்கிப் போய், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். ‘ஆள்தான் எல்லாம்’ என்பவர்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் இரவல் வாங்கியது சாதாரண ரைஃபிளை அல்ல, சர்வதேசத் தரத்தில் சுடும் இன்னொருவரின் ரைஃபிளை. இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையாக இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் இதிலிருந்து முடிவுக்கு வர முடியும்.

இரண்டு நாள் கழித்து மூன்று நிலைப் போட்டியில் அதே எம்மன்ஸ், வலுவான முன்னிலையோடு கடைசிக் குண்டைப் பக்கத்து வீரரின் டார்கெட்டில் சுட்டார். பூஜ்யம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம். இதைத் துல்லியக் குறைவு என்பதா, திறமைக் குறைவு என்பதா? புதிதும் அல்ல: 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் ஐரிஷ் அணியும் அமெரிக்க அணியும் மோதியபோது, வாய்வழி மருந்திடும் ஐரிஷ் ரைஃபிளா, பின்வழித் தோட்டா போடும் அமெரிக்க ரைஃபிளா என்பதே ஊரெல்லாம் பேச்சு. முடிவு 934-க்கு 931 என்று அமெரிக்கப் பக்கம் சாய்ந்தது. ஐரிஷ்காரர் ஒருவர் தவறான டார்கெட்டில் அடித்த ஒரு நாலு புள்ளிதான் வித்தியாசத்தைத் தீர்த்தது. இதையும் பின்வழி ரைஃபிளின் வெற்றி என்றே பலர் எழுதினார்கள்.

இதுவரை ஆளும் ரைஃபிளும் தனித்தனி என்று பேசிவந்தேன். உண்மையில் அவற்றை அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது, இந்தக் கேள்வியில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்ட பகுதியும் இதுவே. பிடிப்பானில் இறுக்கினால் அருமையாகச் சுடும் ரைஃபிள், பதின்மூன்று வயதுப் பெண்ணின் தோளில் அருமையாகச் சுடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. என்.சி.சி.யின் பாயிண்ட் டூ டூ ரைஃபிள், வளர்ந்த சிப்பாயின் கைக்கு அளவெடுத்த பரம்பரையில் வந்தது. கட்டை நீளமாக இருந்தால் சின்ன உடம்புக்காரர் கழுத்தை நீட்டி, கன்னத்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் பதிப்பார். கண் நகர்ந்தால் குறியும் நகரும். விசை கனமாக இருந்தால் விரலோடு கையும் இழுபடும், வலக்கைக்காரருக்குத் துளை பெரும்பாலும் வலப்பக்கம் கீழே இறங்கும். மூச்சை அடக்காமல் சுட்டால் துளைகள் மேலும் கீழுமாக நீளும். காகிதத்தில் இவையெல்லாம் ‘ஆள் தவறு’ என்றே பதிவாகும். கட்டையை இரண்டு விரற்கடை குறைத்தால் பாதி மறைந்துவிடும் என்றால் அது யார் தவறு? போட்டி ரைஃபிள்களின் விலையில் பெரும்பங்கு குழலுக்குப் போவதில்லை. கன்னம் வைக்கும் பலகை, தோள் தாங்கி, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் உடம்புக்கேற்ப நகர்த்தும் அமைப்புக்குத்தான் போகிறது. நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விழும் விசையும் அப்படித்தான். ஆனால் அதே மென்மை காலை வாரிவிடவும் கூடும்: 2008 பெய்ஜிங்கில் எம்மன்ஸின் விரல் நினைத்ததற்கு முன்பே விசையைத் தொட்டுவிட, கடைசிக் குண்டு 4.4-இல் போய் விழுந்து மறுபடியும் தங்கம் கைநழுவியது.

டோக்கியோவில் மனு பாகரின் பிஸ்டலில் நெம்புகோல் பழுதாகிப் போட்டி நடுவே பல நிமிடங்கள் வீணாயின. 575 எடுத்துப் பன்னிரண்டாவதாக வந்தார். பிஸ்டலின் துல்லியத்தில் ஒரு குறையும் இல்லை, அவருடைய திறமையிலும் இல்லை. ஓடிப்போன நேரம் கொடுத்த பதற்றம் எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரிந்த எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை. மூன்று ஆண்டு கழித்து அதே போட்டியில் அவர் வெண்கலம் எடுத்தார்.

சரி, நம் ஊர்ப் பள்ளி கேடட்டுக்கு வருவோம். பிடிப்பான் இல்லை, ஸ்காட் இல்லை, ஆளுக்குக் கிடைக்கும் தோட்டாவும் சொற்பம். அப்படியும் ஒரு தோட்டாகூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் கூடம் கோணலா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் பட் நம்பர் உண்டு, கட்டையில் பெயின்டால் எழுதியிருக்கும். சுட்டு முடித்ததும் காகிதத்தில் கேடட் பெயரை மட்டும் எழுதிவிட்டு நம்பரை விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த நம்பரையும் குரூப் அளவையும் ஒரு நோட்டில் ஏற்றி, அடுத்த முறை கேடட்டுகளுக்கு ரைஃபிளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். கேடட் பெயர்கள் கீழ்நோக்கி, பட் நம்பர்கள் குறுக்காக, கட்டத்தில் குரூப் அளவு. ஓர் ஆண்டில் அட்டவணை நிரம்பிவிடும். ஒரு பட் நம்பரின் பத்தி முழுக்க, யார் சுட்டாலும் அகலமான குரூப் என்றால் அந்த ரைஃபிள் ஆர்மரரிடம் போக வேண்டும். ஒரு கேடட்டின் வரிசை முழுக்க, எதைக் கொடுத்தாலும் அகலம் என்றால் பயிற்சியாளர் அவனோடு உட்கார வேண்டும். மற்ற ரைஃபிள்களில் நன்றாகச் சுடுகிறவள் ஒன்றில் மட்டும் தடுமாறுகிறாள், அதே ரைஃபிளில் மற்றவர்கள் தடுமாறவில்லை என்றால், அளக்க வேண்டியது அவள் கை நீளத்தையும் அந்தக் கட்டையின் நீளத்தையும்.